ஜாடையும் பேச்சுதான்

யுவராணியால் ஒரு வெங்காயம் நறுக்க முடியாது. கத்தியைத் தொட்டதும் மணிக்கட்டு துவண்டு, கை தன்பாட்டுக்குக் கீழே விழுந்துவிடும். அரிவாள்மனை, பிளேடு, ஊசி, முள்கரண்டி எதுவானாலும் இதே கதைதான். பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலை வரைக்கும் அவள்தான் மருந்தர். உடம்புக்குள் எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் ஒரு மாம்பழத்தை அரிந்து தின்ன அவளுக்கு அப்பா வரவேண்டும்.

அப்பா நவநீதன் வாளர். அவர் கைக்கு வெட்டத் தெரியும். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்துக்கு என்பது தெரியாது. அதை மகள்தான் சொல்ல வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு யாராவது வந்தால் இருவரும் சேர்ந்துதான் நிற்பார்கள். "இங்கதானுங்கப்பா, மெதுவா" என்று அவள் சொல்லச் சொல்ல அவர் கீறுவார். தகப்பனும் மகளும் ஒரே அணியாக அமைந்தது கொடுப்பினை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்புக்குச் சின்ன வெங்காயம் அரிந்தபடி அவர் மகளைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, உனக்குக் கண்ணாலம் ஆச்சுன்னா வெங்காயம் அரியறக்கு நானும் சீரோட சேந்து வரோணுமா?"

"அதுக்குத்தானுங்கப்பா வாளராப் பாருங்கன்னு சொல்றேன்."

"என்னையச் சொல்லாத. உங்கம்மாவக் கேளு. அவ போட்ட விதிதான இது?"

அடுப்படியில் நின்ற தாரணி திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற கிண்டல்தான். ஒரு காலத்தில் சிரித்திருக்கிறாள்.

"யாருக்காகப் போட்டேன்னும் சொல்லு" என்றாள்.

யாருக்காகப் போட்டாளோ அவர் வெங்காயத்தில் குனிந்துகொண்டார்.

அது கோவையில் பீளமேட்டு மாடி அறை ஒன்றில் ஆரம்பித்த வினை. பொறியியல் படிக்கிற நாலு பேர் ஞாயிறு மத்தியானம் கேரம் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, பேக்கரி பப்ஸைக் கடித்துக்கொண்டு, பகடை உருட்டி மேசைக்கதை ஆடுவார்கள். கற்பனை நாடு, குகை, பூதம், புதையல். தாரணி ஆட்டத்தை நடத்துபவள். நவநீதன், ஜோயல், சபிதா மூவரும் ஆளுக்கொரு பாத்திரம் எடுப்பார்கள். சண்டைக்கு வாளர், காயத்துக்கு மருந்தர், மாயத்துக்கு மந்திரர் என்று பாத்திரங்களில் வகைகள் உண்டு. அச்சிட்ட விதிகள் தடித்த புத்தகமாக இருந்தன. அவை போதாதென்று ஒவ்வொரு கூட்டமும் தனக்கென வீட்டு விதிகள் போட்டுக்கொள்வது இந்த ஆட்டக்காரர்களின் வழக்கம். தாரணியின் மேசையில் வீட்டு விதிகள் பெருத்துப்போனதற்கு நவநீதன் ஒருவனே காரணம்.

ஒரு நாள் சபிதாவின் மருந்தர் குத்துவாளை வீசிப் பூதத்தைச் சாய்த்துவிட்டாள். நவநீதன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். "அப்பறம் வாளர் எதுக்கு? நான் போயிப் பூப்பறிக்கட்டுமா?" என்று பகடையை ஒதுக்கினான். அந்த முகம் வாடினால் தாரணிக்குத் தாங்காது. மருந்தர் கூர்முனை எதையும் தொடக்கூடாது என்று அங்கேயே விதி போட்டாள். சபிதா திட்டித் தீர்த்தாள். நவநீதன் சிரித்தான். தாரணிக்கு அது போதுமாக இருந்தது.

முதல் நிலைப் பாத்திரங்கள் நோஞ்சான்கள். பகடையில் மோசமான எண் விழுந்த பாத்திரம் பிடிக்கவில்லையென்றால், நவநீதன் அதைத் தன் வாளாலேயே குத்திக்கொள்ள வைத்து, புதிதாக ஒன்று கேட்பான். "பரவால்ல விடு, அடுத்த ஆளப் போட்டுக்கலாம்!" என்று தாரணி சிரித்துக்கொண்டே பகடையை நீட்டுவாள். கூத்து எல்லை மீறவே, எவரும் தன் மேல் தானே ஆயுதம் வைக்கக் கூடாது என்று இன்னொரு விதி வந்தது. அடுத்தமுறை நவநீதன் பெரியப்பா மகன்களைக் கூட்டிவந்து தன் பக்கம் உட்காரவைத்துக் கட்சி சேர்த்தான். யாராவது செத்து இடம் காலியானால் ஒழிய நடுவில் எவரும் சேரக்கூடாது என்றாள். தன் பாத்திரத்துக்கு மட்டும் தெரிந்த ரகசியத்தை வேறு அணியில் இருந்த ஜோயலுக்கு இருமிக் கண்ணடித்துச் சொல்லிக் கொடுத்தான். பாத்திரம் அறிந்ததை அணிக்கு வெளியே சொல்லக் கூடாது என்றாள். "நான் எங்க பேசுனேன்? இருமுனேன், அவ்வளவுதான்" என்று அவன் சாதித்தபோது, "ஜாடையும் பேச்சுதான், மூஞ்சியத் திருப்பிக்கோ!" என்று அவன் தலையைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஜோயல் அதையெல்லாம் கைபேசியில் பதிவு செய்து வைத்திருந்தான்.

அவர்கள் ஆட்டம் எப்போதும் மூன்றாம் நிலையோடு நின்றுவிடும். பரீட்சை வரும், யாராவது ஊருக்குப் போவார்கள், கதை அந்தரத்தில் தொங்கும். திரும்பக் கூடும்போது பழைய பாத்திரங்கள் அலுத்துப்போயிருக்கும், மறுபடி முதலிலிருந்து. அந்த விதிகள் எல்லாமே நோஞ்சான்களுக்கானவை. ஒருவரை ஒருவர் சார்ந்து தட்டுத்தடுமாறுவதில்தான் ஆட்டத்தின் சுவையே இருக்கிறது என்று தாரணி நம்பினாள். வளர்ந்த பாத்திரம் என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு விதிகூட எழுதவில்லை. அதற்குத் தேவையும் வரவில்லை.

திறன்வித்து பல வருஷம் கழித்து வந்தது. நெல்மணியளவு பொருள். பின்கழுத்தில் பதித்தால் ஒரு தொழிலின் கைத்திறம் மொத்தமும் உடம்பில் ஏறிவிடும். படித்துக் கற்றுக்கொள்வது என்ற சிரமம் ஒழிந்தது என்று உலகமே கொண்டாடியது. ஒரே தலையில் ஏழெட்டு வித்துகளைப் பதித்துக்கொண்டு மூளை கொதித்துச் செத்தவர்கள் போக, பிழைத்தவர்கள் மற்றவர் பிழைப்பையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள். யாருக்கு எந்தத் திறன், எது வரைக்கும் என்று வரம்பு கட்ட வேண்டியிருந்தது. திறமைகளைச் சண்டையில்லாமல் பங்கிட்டுப் பழகிய மனிதர்கள் யார் என்று தேடியபோது மேசைக்கதைக்காரர்கள்தான் அகப்பட்டார்கள். உலகம் முழுவதும் இருந்து அவர்களுடைய பதிவுகளைத் திரட்டி, நடுவன் என்ற பெரும் பொறிக்கு ஊட்டினார்கள். இத்தனை சண்டை வந்தும் உடையாத மேசை, இத்தனை சிரிப்பு கேட்ட மேசை வேறொன்று இல்லை என்று நடுவன் பீளமேட்டு மாடியைத் தேர்ந்தெடுத்தது. தாரணிக்கு மாலை போட்டார்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலிருந்தும் நடுவன் பேசுவது அவளுடைய இருபது வயதுக் குரலில்தான். அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

விதிகள் இப்போது நரம்பில் ஓடின. வரம்பு மீற நினைத்தால் கை துவளும், நாக்கு கட்டும். நன்மையும் இல்லாமல் இல்லை. வேலையில்லாதவர் என்று நாட்டில் ஒருவரும் கிடையாது. எல்லோரும் அரைகுறை என்பதால் எல்லோருக்கும் எல்லோரும் தேவைப்பட்டார்கள். யுவராணி சின்ன வயதிலேயே மூன்றாம் நிலையை எட்டினாள். அதற்கு மேல் நிலை கிடையாது என்று நடுவன் சொல்லிவிட்டது. இனிச் சாகும்வரை அவளுக்கு இதுதான்.

ஆட்டம் நடத்துபவருக்குப் பாத்திரம் கிடையாது. ஆகவே தாரணிக்கு மட்டும் வித்து பதிக்கவில்லை. அதைப் பெரிய மரியாதை என்றார்கள்.

கத்தி பிடிக்க ஆளில்லாமல் நோயாளிகள் சாகிற செய்திகள் வரத் தொடங்கியதும் அவளுக்கு உறக்கம் கெட்டது. மருந்தர் விதியை எடுத்துவிடச் சொல்லி நடுவனிடம் மன்றாடினாள். மேசையில் உட்கார்ந்த எல்லோரும் கை தூக்கினால்தான் விதி மாறும் என்பதும் அவள் போட்டதுதான். அவளுடைய விதிகளிலேயே நியாயமானது அது. சபிதா வெளிநாட்டிலிருந்து கை தூக்கினாள், நவநீதன் இரண்டு கையையும் தூக்கினார். "ஜோயல் எங்க?" என்று சுவர் கேட்டது. ஜோயல் சாலை விபத்தில் இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. "அவன் வரட்டும், பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டது இருபது வயதுத் தாரணியின் குரல். அதன் பிறகு அவள் யாரிடமும் விதிகளைப் பற்றிப் பேசுவதில்லை.

குழம்பு கொதித்து இறங்கியது. "இலை அறுத்துட்டு வந்தர்றேன்" என்று நவநீதன் கத்தியோடு கொல்லைக்குப் போனார். வாழைக்குப் பக்கத்துத் தென்னையில் கதண்டு கூடு வைத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. குளவியில் பெரிய சாதி அது. அறுபட்ட இலை மட்டையில் உரசியதோ என்னவோ, தாரணி சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தபோது அவர் தோளில் கிடந்த துண்டைச் சுழற்றியபடி ஓடிவந்துகொண்டிருந்தார். கத்தியை மட்டும் விடவில்லை. வாளர் கத்தியை விட மாட்டார்.

கதவைச் சாத்திக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். கதண்டு கொட்டி முகமெல்லாம் தடித்து, கண் இடுங்கிப் போயிருந்தது. யுவராணி மருந்துப் பட்டையைக் கழுத்தில் ஒட்டினாள், மூக்கில் மருந்துப் புகையை அடித்தாள். ஊசி போட்டிருந்தால் உடனே கேட்டிருக்கும். ஊசிக்கும் முனை இருக்கிறது, அதனால் அந்த வீட்டில் ஊசியே கிடையாது.

"மூச்சு முட்டுதுடி தாரு" என்றார் நவநீதன். குரல் கீச்சென்று வந்தது. அதற்குப் பிறகு குரல் வரவில்லை.

யுவராணி அப்பாவின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தாள். "உள்ள வீங்கி அடச்சுட்டு வருதுங்கம்மா. மருந்து வேலை செய்யற வரைக்கும் தாங்காது. தொண்டையில ஓட்டை போட்டு மூச்சு விடோணும். இப்பவே."

"நடுவா! இங்க ஒரு வாளர் வேணும்!" என்று தாரணி சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

"உடுமலைல இருந்து வாளர ஏத்திக்கிட்டு விரைகலம் கிளம்பியாச்சு" என்றது சுவர், உற்சாகமாக. "கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

உடுமலையிலிருந்து எவ்வளவு விரைந்து வந்தாலும் ஆகாது என்று யுவராணியின் முகத்திலேயே எழுதியிருந்தது. அவள் அப்பா முன்னால் மண்டியிட்டாள். "அப்பா, கத்தி உங்க கையிலதான் இருக்குது. நான் சொல்றேன். நீங்களே கீறிக்கோங்க. நாம ஒரே அணி, நான் சொல்லலாம். குரல்வளை மேட்டத் தொட்டுப் பாருங்க..."

நவநீதன் தலையாட்டினார். வாழ்நாளெல்லாம் மகள் சொன்ன இடத்தில் கீறியவர், இப்போதும் சிணுங்காமல் கத்தியைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். தோலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே கை நின்றது. தள்ளினார். தோள் நடுங்கியது, கை நகரவில்லை. தாரணி பாய்ந்து அவர் கைமேல் தன் கையை வைத்து அமுக்கினாள். விரல்கள் தாமாக விரிந்து கத்தி தரையில் விழுந்தது.

தன் மேல் தானே ஆயுதம் வைக்கக் கூடாது.

நவநீதன் அவளைப் பார்த்தார். வீங்கிப்போன அந்த முகத்திலும் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. அவருக்கும் பீளமேடு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதைப் பார்க்கச் சகிக்காமல் தாரணி கத்தியை எடுத்தாள். அவள் கை துவளவில்லை. அந்த வட்டாரத்திலேயே, ஏன், நாட்டிலேயே எந்த வரம்பும் இல்லாத கை அது ஒன்றுதான். அதற்குக் கோழியைத் துண்டு போடத்தான் தெரியும்.

"எங்க கண்ணு? சொல்லு. நான் கீறறேன். எங்க?"

யுவராணி வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "அம்மா, அது..." என்பதைத் தாண்டி ஒரு சொல் வெளியே வரவில்லை. கண்ணில் நீர் முட்டியது. விரலைத் தூக்கிக் காட்டப் பார்த்தாள், விரல் மடங்கிக்கொண்டது. அப்பாவிடம் சொல்வதுபோலச் சொல்லிப் பார்த்தாள், கத்தி அம்மா கையில் இருக்கவே அதுவும் கட்டிக்கொண்டது.

"நடுவா, என்னைய அவ அணியில சேத்துக்கோ!"

"இடம் காலியில்லையே" என்றது சுவர். "மருந்தர் ஒண்ணு, வாளர் ஒண்ணு. நடுவுல சேரக்கூடாதுன்னு தெரியுமில்ல?"

"சரி, நீயாவது சொல்லித் தொலை! எங்க வெட்டோணும்?"

"உங்களுக்குப் பாத்திரம் இல்லை. பாத்திரம் அறிஞ்சத வெளியாளுக்குச் சொல்ல முடியாது."

நவநீதனின் உதடு நீலம் பூத்தது. நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கியது, காற்று போகவில்லை. தாரணிக்கு ஒரு யோசனை தோன்றியது. கத்தி முனையை அவர் தாடைக்குக் கீழே வைத்து, மெல்ல மெல்லக் கீழே நகர்த்தியபடி மகளின் முகத்தையே பார்த்தாள். சரியான இடம் வரும்போது அந்தக் கண் ஒருமுறை விரியாதா, ஒரு இமை துடிக்காதா? பெற்றவளுக்கு அது போதுமே.

யுவராணியின் தலை திரும்பத் தொடங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்த்தாள், கழுத்து நரம்பு புடைத்தது. யாரோ இரண்டு கையால் பிடித்துத் திருப்புவதுபோல முகம் முழுவதுமாகச் சுவர்ப் பக்கம் போய்விட்டது. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"பாரு கண்ணு! இந்தப் பக்கம் பாரு!"

"முடியலீங்கம்மா. திரும்ப முடியலீங்க."

யார் திருப்பியது என்று தாரணிக்குத் தெரியும். அந்தக் கை அவளுடையதுதான். இருபது வயதில், சிரித்துக்கொண்டே, காதலிக்கிறவனின் தலையைப் பிடித்துத் திருப்பிய கை. இத்தனை வருஷம் கழித்து அது மகள் தலையைத் திருப்புகிறது. அவளுக்கு அலற வேண்டும் போலிருந்தது, அலற நேரமில்லை.

நவநீதன் சாய்ந்துவிட்டார். தாரணி அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் திறந்து, குத்துமதிப்பாக ஓர் இடத்தில் கத்தியை வைத்து அழுத்தினாள். கெட்டியாக ஏதோ தடுத்தது. ரத்தம் வந்தது, காற்று வரவில்லை. இன்னும் அழுத்தலாமா, இடம் தவறா, ஆழம் போதாதா? கேட்பதற்கு உலகத்தில் ஒருவருமில்லை. தெரிந்தவள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மறுபடி அழுத்தத் தாரணிக்குத் துணிச்சல் வரவில்லை. "நவநீ, நவநீ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நெஞ்சின் ஏற்ற இறக்கம் நின்றது.

அடுப்படியில் கோழிக் குழம்பு வாசம் அடித்தது. வெளியே கதண்டுகளின் இரைச்சல் அடங்கியிருந்தது. சுவரில் மணியடித்தது. முழுக்க முழுக்கச் சிரிப்பு நிறைந்த, பப்ஸ் கடிக்கிற வாயோடு பேசுகிற ஓர் இளம்பெண்ணின் குரல் கூடத்தை நிறைத்தது.

"பரவால்ல விடு, அடுத்த ஆளப் போட்டுக்கலாம்!"

தாரணி நிமிர்ந்து பார்த்தாள்.

"யுவராணி அணியில வாளர் இடம் காலி. பக்கத்துலயே கத்தியோட ஒருத்தர் இருக்கீங்க. சேர்றீங்களா?"

அதற்குள் எத்தனை மூச்சு நேரம் போயிற்று என்று தாரணிக்குத் தெரியாது. இன்னும் உயிர் இருக்கலாம். உடம்பு சூடாகத்தானே இருக்கிறது. "சேர்றேன், சேர்றேன், சேத்துத் தொலை!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"சேத்தாச்சு. முதல் நிலை. வாழ்த்துகள்!"

யுவராணியின் தலை விடுபட்டது. அவள் சடாரென்று திரும்பினாள். அப்பாவின் கழுத்தைப் பார்த்தாள், அம்மா போட்டிருந்த கீறலைப் பார்த்தாள். அவளுக்குள் இருந்த மருந்தருக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஆனால் அடைத்துக் கிடந்த நாக்கு அவிழ்ந்துவிட்டது. இவ்வளவு நேரமும் தொண்டையில் முட்டிக்கொண்டிருந்த அந்த ஒரே சொல், இனி யாருக்கும் வேண்டாத அந்தச் சொல், தானாக வெளியே வந்தது.

"ஒரு விரல் கீழம்மா" என்றாள் யுவராணி. "ஒரே ஒரு விரல் கீழ."

தாரணி கத்தியை அங்கே வைத்தாள். மகள் சொன்ன ஆழத்துக்கு அழுத்தினாள். அது வெண்ணெயில் இறங்குவதுபோலச் சுலபமாக இறங்கியது.